மாதிரிக்கு எடுத்த ஊர்

நான் ஒரு மந்திரி. சிரிக்க வேண்டாம். எங்கள் ஜாவாவில் ஊசி போடுகிறவர் மந்திரி, மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் மந்திரி, வாய்க்கால் மடையைத் திறந்துவிடுகிறவரும் மந்திரி. அந்த வரிசையில் கடைசியாக நிற்கிறவன் நான், புள்ளிவிவர மந்திரி. மற்ற மந்திரிகள் வந்துபோனால் ஊரில் ஏதாவது நடந்திருக்கும். நான் வந்தால் கேள்வி கேட்பேன், எழுதிக்கொள்வேன், கொடுத்த தேநீரைக் குடிப்பேன், போய்விடுவேன். ஒரே ஒரு தடவை என்னால் ஓர் ஊரில் ஏதோ நடந்தது. நடக்காமலே இருந்திருக்கலாம்.

அறுவடைக் காலத்தில் என் வேலை சதுரம் வெட்டுவது. இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று என்னிடம் உண்டு. அதை வயலில் இறக்கி, அதற்குள் நிற்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, எடையை எழுத வேண்டும். எந்த இடத்தில் இறக்குவது என்பது என் கையில் இல்லை. தலைநகரிலிருந்து ஒரு தாள் வரும். தென்மேற்கு மூலையில் நின்று கிழக்கே இத்தனை தப்படி, வடக்கே இத்தனை தப்படி என்று அதில் எண்கள் இருக்கும். யாரும் யோசித்து எழுதிய எண்கள் அல்ல, குலுக்கிப் போட்டு எடுத்தவை. தப்படி முடிகிற இடத்தில் நல்ல கதிர் நின்றாலும் சரி, எலி வளை இருந்தாலும் சரி, சட்டம் அங்கேதான் இறங்கும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பானையைக் கிளறியிருந்தால்தான் அது பதம். கிளறாத பானையில் மேலாக எடுத்த பருக்கை வெந்திருக்கும், அடியில் இருப்பது கருகியிருக்கும். அந்தக் குலுக்கல் எண்கள்தாம் எங்கள் அகப்பை.

அந்த வருடம் புகையான் பூச்சி வந்தது. மாவட்டம் முழுக்கப் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. சும்பர்வுனி என்ற ஊரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பைமான் என்ற குத்தகைக்காரர் இருந்தார். வயதில் எனக்கு மூத்தவர், அதனால் காங் பைமான் என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவேன். அவர் பதிலுக்கு என்னை 'பாக்' என்பார், ஐயா என்பது போல. நடவு முடிந்து இரண்டாம் மாதம் அவர் வயலைப் பார்க்கப் போனபோது வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாட்டுக்கு மரவள்ளி இருக்கு, பாக் மந்திரி. அதை வெச்சு ஓட்டிடுவேன். விதைக்குத்தான் ஒண்ணுமில்ல. இந்தக் கருகலை விதைச்சா கருகல்தானே முளைக்கும்? அடுத்த நடவு தரிசாப் போச்சுன்னா நிலத்துக்காரரு குத்தகையை வேற ஆளுக்கு மாத்திடுவாரு."

"கடையில கிடைக்காதா, காங்?"

"பூச்சி தாங்குற விதை கடைக்கு எங்க வருது? சர்க்கார் கிடங்குல மட்டும்தான். அவங்களாப் பார்த்துக் குடுத்தா உண்டு."

கொடுக்கத்தான் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் பையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஊருக்கு ஒன்பது சதுரம் வெட்ட வேண்டும். சராசரி இரண்டு கிலோவுக்குக் கீழே வந்தால், அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மூட்டை விதைநெல். ஆனால் அந்த வரியைக் கிராமத்தில் யாரிடமும் வாய்விடக் கூடாது என்று சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். சொன்னால் ஆட்கள் எடையைக் குறைக்க ஏதாவது தில்லுமுல்லு செய்வார்களாம். எங்கள் ஆட்களை எங்கள் அலுவலகம் அவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சும்பர்வுனியின் கருகலுக்கு ஒன்றரை கிலோ தாண்டினாலே அதிகம், விதை தானாக வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வினை ஒரு சொல்லில் இருந்தது. மாதிரி என்ற சொல் எங்கள் நாட்டில் இரட்டை வேடம் போடுகிறது. மூட்டையில் கைவிட்டு அள்ளிய ஒரு பிடி நெல்லும் மாதிரி. எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்கி மற்றப் பிள்ளைகளுக்கு அடி வாங்கித் தருகிற பையனும் மாதிரி. அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு இரண்டாவது மாதிரியின் மேல் தீராத மோகம். மாதிரிக் குடும்பம், மாதிரிக் குளியலறை, மாதிரிக் கோழிக்கூடு என்று போட்டி வைத்துப் பரிசுப் பலகை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில், 'தாறுமாறு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரிக் கிராமம்: சும்பர்வுனி' என்று அலுவலகக் கடிதம் ஊர்த் தலைவருக்குப் போனது. குலுக்கலுக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயரே தாறுமாறுதான். படித்தவர்களுக்கு அதில் ஒரு கோளாறும் தெரியாது.

ஊர்த் தலைவர் ஹார்ஜோவை எல்லோரும் பதவிப் பெயரால் பாக் லூரா என்பார்கள். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன். நான் போனபோது கடிதத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"வாங்க வாங்க, பாக் மந்திரி! முன்னூத்திப் பதினேழு ஊருல எங்களைப் பொறுக்கியிருக்கீங்களே. எங்கப்பா காலத்துலருந்து வனாசரிக்காரன்தான் எல்லாப் பலகையும் தூக்கிட்டுப் போவான்."

"பாக் லூரா, இது குலுக்கல்ல விழுந்தது. வனாசரியும் விழுந்திருக்கு. மொத்தம் முப்பது ஊரு."

"உங்க அடக்கம் எனக்குத் தெரியாதா? குலுக்கல்லயாவது எங்க பேரு விழணும்னு மேல இருக்கிறவன் நெனச்சானே. ஆனா ஒரு வார்த்தை மட்டும் உறுத்துது. தாறுமாறுன்னு போட்டிருக்கே. எங்க ஊரா தாறுமாறு? வேலியெல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டியிருக்கோம், பார்த்தீங்கல்ல?"

"அது ஊரைச் சொல்லல. தேர்ந்தெடுத்த முறையைச் சொல்றாங்க."

"அப்ப ஆபீஸ்தான் தாறுமாறுங்கறீங்க. அது நமக்குத் தெரிஞ்ச சங்கதிதானே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். விளக்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது குவளைத் தேநீர் வந்துவிட்டது, கூடவே எண்ணெயில் பொரித்த வாழைப்பழமும். எங்கள் பக்கத்தில் ஒரு நோய் உண்டு. எதிரே இருப்பவர் முகம் கொஞ்சம் வாடிவிடுமோ என்று நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

அப்போதுதான் அவர் கேட்டார். "அந்த ஒன்பது சதுரமும் எங்கெங்க விழும்? தெரிஞ்சா பாதையைச் சுத்தம் பண்ணி வெப்போம். நீங்க சேத்துல தடுமாறக் கூடாது பாருங்க."

அந்தத் தாளை அறுவடை நாள்வரை யாருக்கும் காட்டக் கூடாது. வாழைப்பழ எண்ணெய் ஒட்டிய விரலாலேயே எடுத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், காட்டக் கூடாததைக் காட்டினேன். இத்தனை வருடச் சேவையில் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை.

அறுவடை நாளில் ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாகத் தீய்ந்த வயல். நடுவில் அங்கங்கே பொன் நிறத்தில் நெல் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து நின்றது. எண்ணினேன், ஒன்பது. ஒவ்வொன்றும் மூலை பிசகாத சதுரம். கருகின பாயில் புது மஞ்சள் துணி வைத்து ஒட்டுப் போட்டது போல இருந்தது.

பாக் லூரா பட்டிக் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக வரப்பில் நின்றார். பின்னால் ஊரே நின்றது.

"எப்படி, பாக் மந்திரி?"

"எங்கேருந்து வந்தது இதெல்லாம்?"

"வாய்க்கால் ஓரத்துல என் வயல் தப்பிச்சுதில்ல? அதுலருந்து மண்ணோட பேர்த்துக் கொண்டுவந்து நட்டோம். பத்து நாளு ஊரே சேர்ந்து பொதுவேலை. ஒரு வீடு பாக்கியில்ல. மாதிரின்னு பேரு வெச்சுட்டு உங்களுக்குக் கருகலையா காட்டுவோம்?"

ஒளிவுமறைவே கிடையாது. விருந்தாளி வரும்போது நல்ல பாயை விரிப்பது போலத்தான் செய்திருந்தார்கள். ஏமாற்றுகிறோம் என்று ஒருவர் முகத்திலும் இல்லை. ஏமாற்றியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

காங் பைமான் முன்னால் வந்தார். அவர் வயலிலும் ஒரு சதுரம் விழுந்திருந்தது. "முக்கால்வாசி நான் சுமந்ததுதான். மண்ணோட தூக்கினா ஒரு கொத்து என்னா கனங்கறீங்க! தோளைப் பாருங்க" என்று சட்டையை விலக்கிக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. அந்தப் பெருமையை வருடக்கணக்கில் அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

சதுரத்தை இடம் மாற்ற எனக்கு அதிகாரமில்லை. விழுந்த இடம் விழுந்த இடம்தான். அறுத்தோம், நிறுத்தோம். 3.4, 3.3, 3.5, 3.4, 3.4, 3.3, 3.4, 3.5, 3.4. ஒவ்வோர் எடையையும் உரக்கச் சொன்னபோது கைதட்டினார்கள். சராசரி மூன்று கிலோ நானூறு கிராம்.

கூட்டம் கலைந்ததும் காங் பைமானை மட்டும் நிறுத்திக்கொண்டேன். என் கையேட்டின் பின்பக்கத்தில் வேறு குலுக்கல் எண்கள் உண்டு. கண்ணை மூடி விரல் வைத்த வரியிலிருந்து புதிதாக ஒன்பது இடம் எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேருமாக அறுத்து முடித்தோம். 0.3, 2.6, 1.1, 0.8, 3.0, 1.5, 0.4, 1.9, 1.0. இதுதான் வயல். ஓரிடத்தில் ஒரு பிடி தேறாது, பத்தடி தள்ளிப் பூச்சி தொடாமல் விட்ட திட்டு நிற்கும். சராசரி ஒரு கிலோ நானூறு.

"எதுக்கு மறுபடியும் வெட்டறோம்?" என்று அவர் கேட்டார். சிவப்பு மசி நாசமாகப் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அரிவாளின் பல்லில் சிக்கியிருந்த வைக்கோலை உருவிப் போட்டார். "அப்ப கருகலை அப்படியே விட்டிருந்தா விதை வந்திருக்கும்."

"ஆமா, காங்."

"நான் சுமந்து சுமந்துதான் தொலைச்சேனா?"

"ஆபீஸ்ல பேசறேன். ரெண்டு கணக்கையும் வெக்கறேன். பார்த்தாலே புரிஞ்சுடும்" என்றேன். அதை நான் முழுசாக நம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மாவட்ட அலுவலகத்தின் தலைமை அதிகாரி பாக் விராத்மோ. மேசைமேல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் தாளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா, இது கணக்கு! என்ன அழகு!"

"பாக், அதுதான் சிக்கல். இயற்கைக்கு இவ்வளவு அழகு வராது. பயிரோட எடை ஆட்டம் போடும். நடு எடைப் பக்கம் நிறைய விழும், ரெண்டு பக்கமும் போகப்போகக் குறையும். வரைஞ்சா கவுத்து வெச்ச மணி மாதிரி வரும். இதை வரைஞ்சா ஊசிதான் வரும்."

"அது என்ன மணி?"

"நார்மல் பரவல், பாக்."

"நார்மல்தானே? நல்லதுதானே?"

நான் விடவில்லை. "ஒத்தைச் சதுரம் பொய் சொல்லலாம். குடிகாரன் மாதிரி, எந்த ஓரத்துக்கும் போகும். ஒன்பது குடிகாரன் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டு நடந்தா, ஒருத்தன் இடது பக்கம் இழுப்பான், ஒருத்தன் வலது பக்கம் இழுப்பான், மொத்தக் கும்பல் நடுவுலதான் போகும். ஒன்பதுன்னா ஆட்டம் மூணுல ஒரு பங்கு ஆயிடும். ரெண்டாவது தாளைப் பாருங்க. ஒரு சதுரத்தோட ஆட்டம் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம். சராசரியோட ஆட்டம் முன்னூத்திப் பத்து கிராம். இந்த வயல்ல குலுக்கி எடுத்த ஒன்பது சதுரம் மூணு கிலோ நானூறு சராசரி குடுக்கணும்னா, ஆறு ஆட்டத்துக்கு மேல தாண்டணும். நூறு கோடியில ஒரு வாய்ப்புத் தேறினாலே அதிசயம்."

அவர் பொறுமையாகக் கேட்டார். அதையும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். சராசரியின் ஆட்டத்துக்கு எங்கள் படிவத்தில் 'பிழை' என்று பெயர்.

"தர்யோனோ, இது உன் கையெழுத்துதானே? முதல் தாள்ல பிழை இருபத்து நாலு கிராம். ரெண்டாவது தாள்ல பிழை முன்னூத்திப் பத்து கிராம். நீயே எழுதியிருக்க. பிழை குறைஞ்சதை மாகாணத்துக்கு அனுப்பறதா, பிழை கூடினதை அனுப்பறதா?"

"பாக், அந்தப் பிழை வேற..."

"பிழைன்னா பிழைதான். அப்புறம், ரெண்டாவது எண்ணெல்லாம் எங்கேருந்து வந்தது?"

"கையேட்டுலருந்து. குலுக்கல் எண்."

"தலைநகர் முத்திரை இருக்கா? இல்ல. முத்திரையோட வந்தா அது குலுக்கல். நீயா எடுத்தா அது உன் இஷ்டம்."

ஊர்க்காரர்கள் வெளி நெல்லைக் கொண்டுவந்து நட்டதையும் சொன்னேன். 'யார் தாளைக் காட்டினது?' என்று அவர் கேட்டார். என் வீட்டில் நாலு வயிறு. வாயை மூடிக்கொண்டேன். அவர் முதல் தாளை உறையில் போட்டு ஒட்டினார்.

வனாசரியின் சராசரி ஒன்று புள்ளி ஏழு. அங்கே வீட்டுக்கு ஒரு மூட்டை விதை இறங்கியது. சும்பர்வுனிக்கு இறங்கியது பலகை. மாகாணத்திலேயே மிகக் குறைந்த பிழை காட்டியதற்காக எனக்கும் ஒரு சான்றிதழ் வந்தது. என் மனைவி அதை மாட்ட ஆணி தேடினாள். நான் அரிசி டப்பாவுக்கு மூடியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. பூச்சி தின்ற வருடத்தில் இவ்வளவு விளைத்த ஊரிடம் பாடம் கற்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. வனாசரிக்காரர்கள் முப்பது பேர் லாரியில் வந்து ஊர்க் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பேச வேண்டிய மாதிரி விவசாயி காங் பைமான். அதிகமாகச் சுமந்தவர் அவர்தான், அந்தக் கௌரவம் அவருக்கே சேர வேண்டும் என்று பாக் லூரா பிடிவாதமாக இருந்தார். இரவல் பட்டிக் சட்டை மாட்டிவிட்டு, உரம், களை, கூட்டுறவு என்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பாக் விராத்மோ முன்வரிசையில், நான் அவருக்குப் பின்னால்.

வனாசரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார். "காங், எங்க ஊருல பாதிக்குப் பாதி போச்சு. நீங்க மட்டும் எப்படி எடுத்தீங்க? ரகசியம் இருந்தா சொல்லுங்களேன்."

காங் பைமான் எழுந்தார். மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் கூப்பி, எங்கள் மொழியின் உயர்ந்த பேச்சில் ஆரம்பித்தார். வீட்டிலும் வயலிலும் பேசுவது தாழ்ந்த பேச்சு. பெரியவர்கள் முன்னால், கல்யாணம் பேசும்போது, மன்னிப்புக் கேட்கும்போது வருவது உயர்ந்த பேச்சு. உழவர்கள் பலருக்கு அது தடுமாறும். அவருக்குத் தடுமாறவில்லை.

"ஐயாமார்களே, அடியேன்கிட்ட ரகசியம் எதுவும் இல்லீங்க. தங்கள் இல்லங்களுக்கு விதைநெல் வந்து சேர்ந்திருப்பதா அடியேன் காதுபடக் கேட்டேனுங்க. அதுல ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி அடியேனுக்குத் தயவு பண்ணினீங்கன்னா, அடியேன் வயல்ல நடவு நடக்குமுங்க. இல்லேன்னா தரிசுதாங்க."

அந்தப் பெரியவர் முகம் நெகிழ்ந்து சிரித்தார். "அடடா! பாடம் சொல்ல வந்தவரு நம்மகிட்ட விதை கேக்கறாரே! என்ன ஒரு பணிவு!"

"அடியேன் நெசமாத்தாங்க கேக்கறேன்" என்றார் காங் பைமான். இன்னும் தாழ்வாக வளைந்தார்.

பாக் விராத்மோ எழுந்து கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "கவனிச்சீங்களா? நிறைஞ்ச கதிருதான் தலை குனியும். மாதிரி விவசாயின்னா இவருதான்!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். நான் எழுந்து, 'அவர் பிச்சை கேட்கிறார், மடையர்களே' என்று கத்தியிருக்க வேண்டும். பாக் விராத்மோ திரும்பி என்னைப் பார்த்தார். நானும் கைதட்டினேன்.

லாரி போன பிறகு காங் பைமான் சட்டையைக் கழற்றி, மடித்து, பாக் லூரா வீட்டில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று கேட்கிற பள்ளிப்பிள்ளையின் முகம்.

"பாக் மந்திரி, நீங்க படிச்சவரு. ஒண்ணு சொல்லுங்க. உயர்ந்த பேச்சுல கேட்டதாலதான் அவங்களுக்குப் புரியலையா? தாழ்ந்த பேச்சுல கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோ?"